அமைப்பாளர் பணியிடம் காலி

மதியம் பன்னிரண்டரை மணிக்கு எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணம் வரும். அதில் இரண்டு கரண்டி சோறு, அரை முட்டை. "உப்பு பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சமையலர் அக்கா வாசற்படியிலேயே நிற்பார். பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சாப்பாட்டில் பூச்சிமருந்து கலந்திருந்தது. அதன்பிறகு இந்த விதி எல்லா ஊரிலும் இறுகியது. ஆக, நான் சாப்பிடுகிற அந்த நாலு வாய்க்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது, ஒரு பதிவேடு இருக்கிறது, என் கையெழுத்து இருக்கிறது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். நாள் முழுக்க நான் சமைக்காமல் எனக்குக் கிடைக்கிற சூடான சோறு அது ஒன்றுதான். காலை மூன்றாவது பாடவேளையிலிருந்தே என் மூக்கு அந்தத் தாளிப்பை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும் என்றால் அக்கா நம்புவதில்லை. "போங்க டீச்சர், ரேஷன் அரிசிச் சோத்துக்கா?" என்பார்.

சோறு ஒருபக்கம் இருக்கட்டும். எனக்குப் பொறாமையாக இருப்பது அந்தக் கூடத்தின் சுவர்மேல். உள்ளே நுழைந்ததும் இடதுபக்கம், நீலப் பெயின்ட்டில் கட்டம் போட்டு உணவுப் பட்டியல் எழுதியிருக்கும். முதல், மூன்றாம் வாரம் ஒரு கட்டம். இரண்டாம், நான்காம் வாரம் இன்னொன்று. திங்கள் என்றால் வெஜிடபிள் பிரியாணி, மிளகு முட்டை. மாற்று வாரத்துப் புதனில் புளிசாதம், தக்காளி மசாலா முட்டை. வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு வறுவல் என்பது எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்; கிழமைகளின் பெயரை நான் சொல்லிக்கொடுத்தேனா, அந்தக் கிழங்கு சொல்லிக்கொடுத்ததா என்று எனக்கே சந்தேகம். பல வருஷங்களாக அந்தக் கூடத்துக்குள் யாரும் யாரையும் பார்த்து "இன்னைக்கு என்ன செய்ய?" என்று கேட்டு நான் கேட்டதில்லை.

என் வீட்டில் அந்தக் கேள்வி ராத்திரி ஒன்பதரைக்கு, பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும்போது வரும். நாளைக்கு என்ன? கேட்பது யாருமில்லை, நானேதான். பதில் சொல்ல வேண்டியவளும் நானேதான்.

வீடு கோவில்பட்டியில். பள்ளி எட்டயபுரம் சாலையில் இறங்கி உள்ளே போகிற ஒரு கரிசல் ஊரில். ஏழே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டரை. பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்தபிறகு எட்டரைக்கு நான் அங்கே நின்றாக வேண்டும். எனவே கணக்குப் பின்னாலிருந்து தொடங்கும். ஏழே முக்காலுக்கு பஸ் என்றால் ஏழு இருபதுக்கு நாலு டிபன் பாக்ஸ் மூடியிருக்க வேண்டும். அதற்கு ஆறே முக்காலுக்குக் குழம்பு கொதித்து அடங்கியிருக்க வேண்டும். அதற்கு ஐந்தே காலுக்குப் பருப்பு குக்கரில் இருக்க வேண்டும். அதற்கு நாலே முக்காலுக்கு நான் எழுந்திருக்க வேண்டும். தண்ணீர் வருகிற நாள் என்றால் நாலு. அடுப்படியில் சுவர்க்கடிகாரம் இருக்கிறது, நான் அதைப் பார்ப்பதில்லை. எனக்கு நேரம் விசிலில்தான் ஓடும். பருப்புக்கு ஐந்து, அரிசிக்கு மூன்று. மூன்றாவது விசிலுக்குள் மகனை எழுப்பியிருந்தால் அந்த நாள் நல்ல நாள்.

இந்த அவசரத்தில் எனக்கு ஒத்தாசையாக நிற்கிற ஒரே ஆள் மாவுதான். இட்லி மாவை ஒரு கால அட்டவணை என்றே சொல்வேன். ஞாயிறு சாயங்காலம் நாலுக்கு ஒன்று கணக்கில் அரிசியும் உளுந்தும், ஒரு ஸ்பூன் வெந்தயமும் போட்டு ஆட்டி எடுத்துவிட்டால், அது தானே ராத்திரி முழுக்க வேலை செய்யும். திங்கள் இட்லி. செவ்வாய் தோசை. புதன் புளிப்பு ஏறியிருக்கும், வெங்காயம் போட்டு ஊத்தப்பம். வியாழன் மிச்சம்மீதியில் கடுகு, கடலைப்பருப்பு தாளித்துக் குழிப்பணியாரம். புளிக்கப் புளிக்கப் பலகாரம் மாறிக்கொண்டே போகும். ஒரே மாவு நாலு நாளும் நாலு வேஷம் போடுவதை எந்த ஊர் அறிவாளி கண்டுபிடித்தானோ, இல்லை கண்டுபிடித்தாளோ. கட்டாயம் அவள் வேலைக்குப் போய்வந்தவளாகத்தான் இருந்திருப்பாள், களத்து வேலைக்கு. என் அம்மாவின் காலத்தில் ஆட்டுக்கல்; மாவு அரைபட அரைபடக் கையால் தள்ளித் தள்ளிக் கொடுத்துத் தோள் கழன்றுவிடும் என்பாள். 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் கல்லை மின்சாரத்தில் சுற்றவைத்தார். எங்கள் மாமியார் வீட்டுக்கு 2011-க்குப் பிறகு அரசாங்கத்தின் விலையில்லா கிரைண்டர் வந்தது. இன்றைக்கும் அதில்தான் ஆட்டுகிறோம், மேலே ஒட்டிய படம் மட்டும் உரிந்துவிட்டது.

ஆனால் மாவுக்கும் ஒரு குணம் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் கோவில்பட்டி வெயிலுக்கு அது ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கி, தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்து நிற்கும். ஐப்பசி மழையில் காலை வரைக்கும் ஊமையாகக் கிடக்கும். போன கார்த்திகையில் ஒருநாள் அப்படித்தான். இட்லித்தட்டைத் திறந்தால் கல்லு கல்லாய்ப் பதினாறு. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு இட்லியை எடுத்து மேசையில் லேசாகத் தட்டினார். "டக்" என்றது. அவ்வளவுதான் விமரிசனம். அன்றைக்குத் தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்கினேன். வாங்கிக்கொண்டு வரும்போது பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. என்னத்தைத் திருடிவிட்டேன்?

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் நாலையும் ஐந்தையும் பார்க்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம், ஒரே அறையில். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபிறகு வகுப்பை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையை வைத்துத்தான். மூன்றாம் வகுப்பில் ஒரு அரும்பு இருப்பான், ஒன்றாம் வகுப்பில் ஒரு மலர் துள்ளிக்கொண்டிருக்கும். ஒருபக்கம் பாட்டு, ஒருபக்கம் எழுத்தட்டை, ஒருபக்கம் 'டீச்சர் இவன் கிள்ளுறான்'. மூன்று அடுப்பில் மூன்று பாத்திரம் என்று யாராவது உவமை சொன்னால் எனக்குக் கோபம் வரும். பாத்திரம் ஒன்றையொன்று கிள்ளாது.

வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவில் பொருட்கள் போய்வந்துகொண்டிருக்கும். புளி ஆய்கிற அன்றைக்குக் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து வகுப்புக்குக் கொண்டுபோவேன். பத்துப் பத்தாகக் குவிக்க அதைப்போலப் பொருள் கிடையாது. கொள்ளளவு பாடத்துக்கு வீட்டு ஆழாக்கும் அரைப்படியும் போய், ஒரு மாசமாகத் திரும்பி வரவில்லை. அத்தை சமைக்கப் போனபோது அரிசி அளக்க ஆழாக்கு இல்லை. "பள்ளிக்கூடத்துல சம்பளம் குடுப்பாங்கன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். ஆழாக்கைக் குடுத்துட்டு வந்திருக்கா" என்றார். எதிர்த்திசையிலும் சாமான் வரும். வகுப்பில் ஒட்டுவதற்கு வெட்டிய விரல் பொம்மைத் தலை ஒன்று ஒருநாள் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குள் கிடந்தது. சிங்கத் தலை. ஒருபக்கமெல்லாம் சிவப்பு.

சமைப்பது எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது புலம்பலாகப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கும் ஓட வேண்டாம் என்கிற நிலையில், மொச்சைக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பை மண்சட்டியில் சுண்டவிட்டு, விளிம்பில் எண்ணெய் பிரிந்து வருவதை நின்று பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. பிள்ளை முதல்முதலாக எழுத்துக்கூட்டாமல் ஒரு வரி வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் நேரத்துச் சுகத்துக்கு அது குறைந்ததில்லை. அலுப்பு சமையலில் இல்லை என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் பிடித்தேன். என் வீட்டுக்காரர் வெங்காயத்தை என்னைவிடச் சன்னமாக அரிவார். தேங்காய் துருவுவார். பாத்திரம் கழுவுவதில் கௌரவம் பார்ப்பதில்லை. தெருவில் இதற்காக அவருக்கு நல்ல பேர். எனக்குக் கொடுத்துவைத்தவள் என்று பேர். அவர் ஐந்தரைக்கு அடுப்படி வாசலில் வந்து நின்று, "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடுறேன்" என்பார். முழு மனசோடுதான் சொல்வார். அந்த வாக்கியம் ஏன் என்னைச் சுருக்கென்று குத்துகிறது என்று எனக்கே விளங்காமல் இருந்தது.

விளக்கம் சத்துணவுக் கூடத்தில் கிடைத்தது.

1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எனக்கு அப்போது நாலு வயசு. அந்தத் திட்டம் ஒவ்வொரு மையத்துக்கும் மூன்று பணியிடங்களைக் கொடுத்தது: அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த சொற்கள்தான். நான் பதினெட்டு வருஷமாக அவற்றைத் தினமும் சொல்கிறேன். ஒருநாள் வருகைப் பதிவேட்டில் மூன்று பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. வேலையைப் பகுத்தவர் யாரோ, சரியாகப் பகுத்திருக்கிறார். கிண்டி இறக்குவது ஒரு வேலை. அரிந்து, கழுவி, பெருக்குவது ஒரு வேலை. இவை இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. அரிசி எத்தனை நாளைக்கு வரும், எண்ணெய் எப்போது கேட்டு எழுத வேண்டும், முட்டை வண்டி வந்ததா, உடைந்தது எத்தனை, இன்றைக்கு எத்தனை பிள்ளை, ஆளுக்கு நூறு கிராம் என்றால் எத்தனை கிலோ போட வேண்டும், கையில் கொடுக்கிற காசுக்குச் சந்தையில் என்ன காய் கட்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிற வேலை. அதைத் தனி உத்தியோகமாக்கி, தனி ஆளைப் போட்டு, மூன்று பேரில் மேலே வைத்தார்கள். அந்த மூவருக்கும் இன்றுவரை சிறப்புக் காலமுறை ஊதியம்தான், முறையான காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் வருஷாவருஷம் சாலையில் உட்காருகிறார்கள் என்பது வேறு கதை. வேறு கதை என்று தள்ளிவிடவும் முடியாது.

எங்கள் வீட்டுக்காரர் நல்ல சமையல் உதவியாளர். சொல்லிக்கொடுத்தால் சமையலராகவும் தேறுவார். அமைப்பாளர் பணியிடத்துக்குத்தான் வேறு யாருமே விண்ணப்பித்ததில்லை. "என்ன செய்யணும்னு சொல்லு" என்றால் அதுதான் அர்த்தம்.

அரசாங்கத்துக்கு இது தெரிந்த விஷயம். பள்ளிக்கூடத்துக்குள் தெரியும், வீட்டுக்குள் தெரியாது. 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னைக் கணக்கெடுப்பாளராகப் போட்டிருந்தார்கள். காலையில் பள்ளி, சாயங்காலம் வீடு வீடாகப் படிவம். போன ஒரு வருஷத்தில் வேலை செய்தாரா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால், அப்படியானால் அவர் என்ன என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கும். மாணவர், வீட்டுவேலை, பிறரைச் சார்ந்திருப்பவர், ஓய்வூதியர், வாடகை வட்டியில் வாழ்பவர், பிச்சையெடுப்பவர் என்று அது போகும். ஒரு வீட்டில் ஒன்பது பேர். அந்த அம்மா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டே பதில் சொன்னார். கை நிற்கவில்லை. பின்னால் அடுப்பில் உலை. "வேலை ஏதும் பாக்கீங்களாம்மா?" "எங்க டீச்சர், சும்மாதான் இருக்கேன்." நான் குனிந்து, வேலை செய்யாதவர் பகுதியில் வீட்டுவேலைக்கு உரிய எண்ணை எழுதினேன். எனக்குக் கொடுத்த பயிற்சி அப்படி. எழுதிவிட்டு எழுந்தபோது அந்த அம்மா, "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று அரைத்த கையைக் கழுவ எழுந்தார்.

என் வீட்டுக்கு வேறொரு பள்ளி ஆசிரியை வந்தார். என் பெயருக்கு நேரே ஆசிரியை என்று எழுதிக்கொண்டார். என் அடுப்படிக்கு எந்த எண்ணும் தேவைப்படவில்லை. பிற்பாடு 2019-ல் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று தேசியப் புள்ளிவிவர அலுவலகம் ஒரு கணக்கெடுத்தது. வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம் கொடுத்தார்கள். வீட்டுவேலை செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். செய்கிற ஆண்களே நாலில் ஒருவர்தான் என்பதும் அதில் உண்டு. எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "நான் அந்த நாலில் ஒண்ணு" என்றார். மறுக்க முடியாது. ஆனால் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கடலைப்பருப்பு இருக்கிறதா என்று யோசிக்கும் அரைமணியை அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்கள்? பயணம் என்றுதான் போட்டிருப்பார்கள்.

2023 ஜூனில், பள்ளி திறந்த வாரத்தில், எனக்கு ஒரு யோசனை. பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி, ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்டு, சத்துணவுக் கூடத்துச் சுவரைப் போலவே முதல், மூன்றாம் வாரம், இரண்டாம், நான்காம் வாரம் என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். திங்கள்: இட்லி, சாம்பார், மதியத்துக்கு எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு. இப்படி. அத்தை கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தார். "ஆஸ்பத்திரியில கூட இப்படித்தான் எழுதிப் போட்டிருந்தான்" என்றார். வீட்டுக்காரருக்கு மட்டும் பரம சந்தோஷம். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர். எழுத்தில் உத்தரவு வந்தால் தெம்பாகிவிடுவார். முதல் வாரம் நாலு நாள் அவரே அடுப்பைப் பற்றவைத்தார். நான் ஐந்தே காலுக்கு எழுந்து, பேப்பர்கூடப் பார்த்தேன்.

ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அந்தப் புதன்கிழமை நான் வட்டார வளமையத்தில் பயிற்சியில் இருக்கிறேன். மேலே ஒருவர் கழித்தலைக் குச்சிகளை வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று காட்டிக்கொண்டிருக்கிறார். மடியில் போன் அதிர்ந்தது. வெளியே வந்தேன்.

"இன்னைக்கு ராத்திரிக்குத் தக்காளிச் சோறுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"தக்காளி ரெண்டுதான் இருக்கு."

"சரி."

"என்ன செய்ய?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வளமையத்துச் சுவரில் பழங்கள் படம் ஒட்டியிருந்தது. அதிலும் ஒரு தக்காளி இருந்தது. "புளியைக் கரைச்சு வைங்க, வந்துடுறேன்" என்றேன். அன்றைக்குப் பிறகு பட்டியலோடு போன்களும் வரத் தொடங்கின. வெந்தயம் எந்த டப்பா? இந்த மாவு புளிச்சிருக்கா, கெட்டிருக்கா? முருங்கைக்காய் வாடியிருக்கு, போடலாமா? பட்டியல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அதற்குப் பின்னால் இருப்பு பார்க்கிற, விலை பார்க்கிற, ஒன்று இல்லாவிட்டால் ஒன்றை மாற்றிப்போடுகிற ஆளைத்தான் அட்டையில் எழுத முடியவில்லை. பள்ளிச் சுவரிலும் அந்த ஆள் எழுதப்பட்டிருக்கவில்லை. நான்தான் கட்டத்தை மட்டும் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். எங்கள் அமைப்பாளர் அம்மா சந்தையில் கத்தரிக்காய்க்கு மல்லுக்கட்டியதை நான் எங்கே கண்டேன்?

அட்டை ஆயுதபூஜைக்குச் சுத்தம் செய்யும்போது போய்விட்டது. முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். தை மாசம் ஒருநாள் ராத்திரி, விளக்கை அணைத்தபிறகு, அவர் இருட்டுக்குள்ளிருந்து "உளுந்து இந்த ஞாயித்துக்கு வராது போல இருக்கு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் அது மறுபடி என்னுடையதாகிவிடும் என்று பேசாமல் படுத்திருந்தேன். சனிக்கிழமை உளுந்து வந்திருந்தது. தொலி உளுந்து; எனக்கு வேண்டியது முழு உளுந்து. வாயைத் திறக்கவில்லை. ஊறவைத்துத் தொலியைக் கழுவிக் கழுவி எடுத்து ஆட்டினேன். அரைமணி கூடுதல்.

அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் அறுபதுகளில் படித்தவள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் ஒரு பெருமை உண்டு. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது எட்டயபுரத்தில். அம்மா சாப்பிட்டது கேர் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மக்காச்சோள ரவை உப்புமாவும் பால் பவுடரும். அந்த மஞ்சள் உப்புமாவின் வாசத்தை இப்போது சொன்னாலும் மூக்கைச் சுளிப்பாள், உடனே "ஆனா பசிக்கு அமிர்தம்" என்பாள். அவளுடைய வாத்தியாரே விறகைத் தள்ளி ஊதிக்கொண்டு இருப்பாராம். ஊரில் தானியம் கேட்டு வாங்கி வந்ததும் அவரேயாம். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் வாய்ப்பாடு. "அவரு வீட்டுல யாரு சமைச்சா?" என்று கேட்டேன். அம்மாவுக்கு அந்தக் கேள்வி விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "அவரு சம்சாரம்தான். வேற யாரு?"

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். விடிந்ததும் வேன் வந்துவிடும். முன்பெல்லாம் பதினோரு மணிக்குப் பிள்ளைகள் மேசையில் தலையைச் சாய்ப்பார்கள்; தூக்கமா பசியா என்று அதட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கும். 2023 ஆகஸ்ட் 25 முதல் எங்கள் பள்ளிக்கும் காலை உணவு வந்தது. திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். மேடைப் பேச்சில் பசியும் வருகையும் முன்னால் நின்றன, அதுவும் சரிதான். ஒரு அம்மா என்னிடம் சொன்னது வேறு. "புள்ளைக்கு என்ன குடுக்கன்னு ராத்திரியே நெனைக்க வேண்டாம் டீச்சர். அதுவே பாதி வேலை." அடுப்பெரிப்பதைச் சொல்லவில்லை. நினைப்பதைச் சொன்னார்.

குடும்பம் பற்றிய பாடத்தில் பிள்ளைகளிடம், வீட்டில் யார் யார் என்னென்ன வேலை செய்வார்கள் என்று கேட்பேன். எதிர்பார்த்த பதில்தான் வரும். அம்மா சமைப்பாங்க, அப்பா வேலைக்குப் போவாங்க. அம்மாவும் வேலைக்குப் போகிறார்களே என்றால், ஆமா, சமைச்சுட்டுப் போவாங்க. போன வருஷம் ஒரு மொட்டுக் குட்டி மட்டும் எழுந்து, "எங்கப்பாதான் சமைப்பாங்க" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒரு உற்சாகம். பலகைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னேன். "எங்கப்பா புரோட்டா மாஸ்டர். ஒரு நாளைக்கு ஐநூறு புரோட்டா போடுவாங்க." வீட்டில்? "வீட்டுலயா? வீட்டுல படுத்திருப்பாங்க." அவளை உட்காரச் சொன்னேன்.

இந்த வருஷம் ஏப்ரலோடு எங்கள் அமைப்பாளர் அம்மா ஓய்வு பெற்றார். கூடத்துச் சாவியைக் கொடுக்கும்போது, இருப்புப் பதிவேட்டை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பக்கத்து ஊர் மையத்து அமைப்பாளருக்கு எங்கள் பள்ளி கூடுதல் பொறுப்பு. அவருக்கு ஏற்கெனவே இரண்டு மையம். வாரத்தில் இரண்டு நாள் வந்து கணக்கெழுதிவிட்டுப் போகிறார். நல்ல மனுஷி. வரும்போதெல்லாம் வெயிலில் வேர்த்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசுவார். எனக்கும் ஏதோ என் வீட்டில் விழுந்த குறைபோல மனசு அடித்துக்கொள்கிறது. சுவரில் நீலப் பெயின்ட் கட்டம் அப்படியே இருக்கிறது.

நேற்று மதியம் கிண்ணம் வந்தது. புளிசாதம். இரண்டு வாய் எடுத்தேன். உப்பு சரியாக இருந்தது, புளி ஒரு இழை தூக்கல். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். சமையலர் அக்கா கிண்ணத்தை வாங்காமல் நின்றார்.

"டீச்சர், நாளைக்குச் சாம்பாருக்கு என்ன காய் வாங்க? அவங்க இன்னைக்கு வர மாட்டாங்களாம்."

வகுப்பிலிருந்து யாரோ யாரையோ கிள்ளிவிட்ட சத்தம் வந்தது. வெந்த முட்டையின் பாதி என் கையிலேயே இருந்தது.

"உங்க வீட்டுல இன்னைக்கு என்னக்கா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுலயா?" அக்கா வெயிலைப் பார்த்தார். "அதத்தான் நானும் காலைல இருந்து நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

வாசற்படியில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு நான்தான் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டேன்.